சாமுவேல் மிட்சில்: ஒரு தவறான கோட்பாட்டின் வரலாற்றுப் பயன்

1825 நவம்பர் 4 அன்று நியூயார்க் துறைமுகத்தைக் கடந்து, சாண்டி ஹுக் முனையை ஒட்டிய கடற்பரப்பில், கொடிகளால் அலங்கரிக்கப்பட்ட கப்பல்கள் வட்டமிட்டு நின்றன. ஈரி ஏரியை ஹட்சன் ஆற்றுடன் இணைக்கும் 363 மைல் நீளக் கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டதைக் கொண்டாடும் விழா அது. மாநில ஆளுநர் டெவிட் கிளின்டன் ஏரியிலிருந்து மரப்பீப்பாயில் கொண்டுவந்த நீரை அட்லாண்டிக் பெருங்கடலில் ஊற்றினார். அவரைத் தொடர்ந்து, அறுபது வயதைக் கடந்த மருத்துவர் ஒருவர் முன்வந்து, சிறு குப்பிகளில் அடைத்திருந்த பல நாட்டு ஆற்றுநீரை அதே கடலில் கலந்தார். ஆசியாவின் கங்கையும் சிந்துவும், ஆப்பிரிக்காவின் நைலும் காம்பியாவும், ஐரோப்பாவின் தேம்சும் ரைனும் டான்யூபும், தென்னமெரிக்காவின் அமேசானும் அக்குப்பிகளில் இருந்தன. கங்கை நீரை நியூயார்க் கடலில் கலந்த அம்மருத்துவரின் பெயர் சாமுவேல் லாதம் மிட்சில்.

அவர் மருத்துவர் மட்டுமல்லர். வேதியியல் பேராசிரியர், அமெரிக்காவின் முதல் மருத்துவ இதழை நிறுவியவர்களுள் ஒருவர், மீன்களை வகைப்படுத்திய விலங்கியலாளர், மாநிலச் சட்டமன்றத்திலும், நாடாளுமன்றத்தின் கீழவையிலும், செனட்டிலும் உறுப்பினராக இருந்தவர். தம் காலத்தில் அந்நாட்டின் கற்றோர் அனைவரும் அறிந்திருந்த பெயர் அவருடையது. இன்று அறிவியல் வரலாற்று நூல்களில் அவர் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் தட்டுப்படுகிறார். காரணம் வெளிப்படையானது. பெயர் சொல்லும்படியான கண்டுபிடிப்பு எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை. அவர் மிகுந்த நம்பிக்கையோடு முன்வைத்த கோட்பாடோ முற்றிலும் தவறானது.

ஆயினும் அத்தவறான கோட்பாடு அறிவியல் வரலாற்றில் ஆற்றிய பணி சிறிதன்று. சரியான விடைகளை மட்டும் கோத்து எழுதப்படும் அறிவியல் வரலாறு எதனைத் தவறவிடுகிறது என்பதற்கு மிட்சிலின் வாழ்க்கை நல்ல சான்று. இந்நீண்ட பதிவின் நோக்கமும் அதைச் சுட்டுவதே.

மிட்சில் 1764 ஆகஸ்ட் 20 அன்று, லாங் ஐலண்ட் தீவின் ஹெம்ப்ஸ்டெட் பகுதியில் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். மருத்துவரான தாய்மாமன் சாமுவேல் லாதம் அவருடைய கல்விக்குத் துணைநின்றார். நியூயார்க்கில் சாமுவேல் பார்டு என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் பயின்றபின், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்று 1786இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஆங்கில மொழி வழங்கிய நாடுகளில் மருத்துவமும் வேதியியலும் கற்க எடின்பரோவை விஞ்சிய இடம் இல்லை. ஜோசப் பிளாக் அங்கே வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

தாயகம் திரும்பிய இளைஞர் மருத்துவத்தோடு நிற்கவில்லை, சட்டமும் பயின்றார். 1788இல் மேற்கு நியூயார்க்கின் நிலங்களைப் பெறுவதற்காக இரோக்குவா மக்களுடன் நடத்தப்பட்ட பேச்சில் மாநிலத்தின் சார்பில் பங்கேற்றார். அவருடைய பொதுவாழ்வு தொடங்கும் இவ்விடத்தை மிட்சிலைப் போற்றும் வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் கடந்து செல்வதுண்டு. நாம் அவ்வாறு கடந்துவிடலாகாது. புதிய குடியரசு தன் மண்ணை அளந்தது, கனிமங்களைக் கணக்கெடுத்தது, கால்வாய் வெட்டியது. அவையெல்லாம் நடந்தேறிய நிலத்தில் பெரும்பகுதி இத்தகைய உடன்படிக்கைகள் வழியாகப் பழங்குடி மக்களிடமிருந்து கைமாறிய நிலம். 1825இல் மிட்சில் கொண்டாடிய ஈரி கால்வாயும் அம்மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பின் ஊடாகவே ஓடியது. அறிவியலும் அரசும் கைகோத்து வளர்ந்த கதையில் இந்த இழப்பும் ஒரு பகுதி.

1792இல் கொலம்பியா கல்லூரி அவரை இயற்கை வரலாறு, வேதியியல், வேளாண்மை ஆகிய துறைகளுக்குப் பேராசிரியராக்கியது. ஒருவரே மூன்று துறைகளைக் கற்பிப்பது அன்று வியப்புக்குரியதன்று. வேதியியல் அப்போது பெரும் கொந்தளிப்பில் இருந்தது. எரியும் பொருள்களிலிருந்து ‘ஃபுளோஜிஸ்டன்’ என்னும் எரிபொருட்கூறு வெளியேறுகிறது என்பது பழைய கொள்கை. எரிதல் என்பது ஆக்சிஜனுடன் சேர்தலே என்பது பாரிசில் லவாய்சியர் நிறுவிய புதிய கொள்கை. மிட்சில் லவாய்சியரின் புதிய கலைச்சொல் முறையைத் தம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் அம்முறையில் முதன்முதலாகக் கற்பித்தவர்களுள் அவரும் ஒருவர்.

இந்த இடத்தில் அவருடைய இயல்பு ஒன்று புலப்படுகிறது. ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தும் ஃபுளோஜிஸ்டனைக் கைவிடாத ஜோசப் பிரீஸ்ட்லி, 1794இல் இங்கிலாந்தை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறியிருந்தார். மிட்சில் அவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கவில்லை. இரு கொள்கைகளையும் இணக்கப்படுத்த முடியுமா என முயன்று கட்டுரை எழுதினார். பிரீஸ்ட்லியின் மறுப்புகளுக்கும் தம் இதழில் இடம் கொடுத்தார். இணக்கம் ஏற்படவில்லை, ஏற்படவும் வழியில்லை. ஆனால் வேதியியலின் மாபெரும் விவாதங்களுள் ஒன்றன் இறுதிக் கட்டம் அமெரிக்க இதழொன்றின் பக்கங்களில் நடந்தேறியது.

அக்காலத்து நியூயார்க்கின் உண்மையான அச்சம் வேறு. மஞ்சள் காய்ச்சல் 1793இல் பிலடெல்பியாவில் ஏறத்தாழ 5000 பேரைப் பலிகொண்டது. 1795இல் அது நியூயார்க்கைத் தாக்கியது. 1798இல் மீண்டும் வந்து அந்நகரில் மட்டும் 2000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நோய் கப்பல்வழி வந்ததா, நகரின் அழுகலிலிருந்து பிறந்ததா என்பது குறித்து மருத்துவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். அக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. வெளியிலிருந்து வந்தது என்றால் துறைமுகத்தை மூடித் தனிமைப்படுத்தல் விதிகளைக் கடுமையாக்க வேண்டும், வணிகம் முடங்கும். உள்ளூரில் பிறந்தது என்றால் சாக்கடைகளையும் இறைச்சிக் கிடங்குகளையும் துப்புரவாக்க வேண்டும். நகராட்சி செலவழிக்க வேண்டும்.

மிட்சில் இரண்டாம் அணியில் நின்று, அதற்கு வேதியியல் அடிப்படை ஒன்றைத் தேடினார். 1795இல் அவர் வெளியிட்ட கோட்பாட்டின் சாரம் இது: உயிர்ப்பொருள்கள் அழுகும்போது அவற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு கூடி ஒரு நச்சு வாயுவை உண்டாக்குகிறது, தொற்று நோய்களுக்கு அந்த வாயுவே காரணம். அழுகலோடு தொடர்புடையது என்பதால் நைட்ரஜனுக்கு ‘செப்டான்’ என்று புதுப்பெயரும் சூட்டினார். அவர் குற்றம் சாட்டிய வாயு, பிரீஸ்ட்லி 1772இல் கண்டறிந்த நைட்ரஸ் ஆக்சைடு. நோய்க்கு மூலம் அமிலத்தன்மை கொண்டது என்றால் மாற்று காரத்தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே சுண்ணாம்பு, சாம்பற்காரம், சோப்பு ஆகியவற்றால் வீடுகளையும் உடைகளையும் தெருக்களையும் தூய்மை செய்யுமாறு அவர் இடையறாது வலியுறுத்தினார்.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதைக் கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881இல் முன்மொழிந்தார். வால்டர் ரீடின் குழு 1900இல் ஆய்வுகளால் உறுதிசெய்தது. மிட்சிலின் வேதியியலுக்கும் அந்நோய்க்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. அவர் பரிந்துரைத்த துப்புரவு நகருக்கு நன்மையே செய்திருக்கும். ஆனால் அது கோட்பாட்டின் மெய்ம்மைக்குச் சான்றாகாது.

இனி நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் திருப்பம். 1798 மார்ச்சில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள பென்சான்ஸ் ஊரில், வேதியியல் கற்கத் தொடங்கியிருந்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் மிட்சிலின் கோட்பாட்டை அறிந்தான். அந்த வாயு மூச்சில் கலந்தாலே கொடிய விளைவு உண்டாகும் என்றால், அதைச் சோதித்துப் பார்ப்பது எளிதல்லவா என்று எண்ணினான். காயங்களை அவ்வாயுவில் காட்டினான். விலங்குகளின் உடல்களை அதனுள் வைத்தான். காற்றோடு சிறிதளவு கலந்து தானே சுவாசித்தான். தீங்கு ஏதும் நேரவில்லை. அந்த இளைஞன்தான் ஹம்ப்ரி டேவி.

அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் தாமஸ் பெடோஸ் நடத்திய வாயுமருத்துவ நிலையத்தில் பணியேற்ற டேவி, தூய நைட்ரஸ் ஆக்சைடைப் பெருமளவில் சுவாசித்து அதன் மகிழ்வூட்டும் தன்மையைக் கண்டறிந்தார். இன்று நாம் சிரிப்பூட்டும் வாயு என்று அழைப்பது அதுவே. 1800இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அவ்வாயு வலியைத் தணிப்பதால் அறுவை மருத்துவத்தில் பயன்படக்கூடும் என்று குறிப்பிட்டார். அந்நூலின் முகப்பிலேயே தம் ஆய்வின் தொடக்கப்புள்ளி மிட்சிலின் தொற்றுக் கோட்பாடு என்பதையும், அது பிழையென எளிய சோதனைகளால் தெளிந்ததையும் பதிவு செய்தார். டேவியின் குறிப்பை மருத்துவ உலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. 1844இல்தான் அமெரிக்கப் பல்மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் அவ்வாயுவைக் கொண்டு வலியின்றிப் பல் பிடுங்க முற்பட்டார். இரண்டே ஆண்டுகளில் ஈதர் வந்தது. அறுவை மருத்துவத்தின் முகம் மாறியது.

மிட்சில் நைட்ரஸ் ஆக்சைடைக் கொலைகாரன் என்றார். அது வலியாற்றும் மருந்தானது. இதனை ஊழின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் நகர்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் தொற்றுக்குக் காரணம் கூறியவர்கள் பலர். ‘நச்சுக் காற்று’, ‘வளிமண்டலத்தின் கேடான நிலை’ என்பவை போன்ற அவர்களுடைய விளக்கங்களைச் சோதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மிட்சிலோ ஒரு குறிப்பிட்ட வாயுவைப் பெயர் சொல்லிச் சுட்டினார். ஆய்வுக்கூடத்தில் எவரும் உண்டாக்கக்கூடிய வாயு அது. எனவே கடல்கடந்த சிற்றூரில் இருந்த பயிற்சி மாணவன் ஒருவனாலும் அவரைப் பொய்யாக்க முடிந்தது. பிழைபட்டதனால் அன்று, பிழையைக் காட்டுவதற்கு இடங்கொடுக்குமளவு தெளிவாகச் சொன்னதனால் அவருடைய கோட்பாடு பயன்பட்டது.

கருத்தைப் பொதுவில் வைத்தல் என்னும் அந்த இயல்பே 1797இல் தொடங்கப்பட்ட ‘மெடிக்கல் ரெபாசிட்டரி’ இதழின் உயிர். எட்வர்டு மில்லர், எலிஹு ஹப்பர்டு ஸ்மித் ஆகிய இரு மருத்துவர்களுடன் சேர்ந்து மிட்சில் அதை நிறுவினார். அமெரிக்காவின் முதல் மருத்துவக் காலாண்டிதழ் அது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து மருத்துவர்கள் தத்தம் ஊரின் நோய், வானிலை, மண், பயிர் பற்றிய செய்திகளை அனுப்பினர். ஸ்மித் 1798ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சலிலேயே இருபத்தேழு வயதில் இறந்தார். தாங்கள் ஆராய்ந்த நோயே தம் நண்பரைக் கொண்டுசென்ற பின்னும் மற்ற இருவரும் இதழை நிறுத்தவில்லை. அவ்விதழ் 1824 வரை வெளிவந்தது.

மிட்சிலின் அரசியல் வாழ்வும் இதே காலத்தில் வளர்ந்தது. 1791இலேயே நியூயார்க் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அவர், 1798இல் மீண்டும் அங்கே அமர்ந்தார். ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு மாநில நீர்நிலைகளில் நீராவிப் படகு செலுத்தும் தனியுரிமை வழங்கும் மசோதாவை அவ்வாண்டு கொண்டுவந்தவர் அவரே. நீராவியால் படகு ஓடும் என்பதையே நம்பாத உறுப்பினர்கள் அம்மசோதாவை நகைப்புக்குரியதாகக் கொண்டனர். பொழுதுபோக்கு வேண்டும்போது அதை விவாதத்துக்கு எடுத்தனர் என மிட்சிலே பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1807இல் லிவிங்ஸ்டனின் கூட்டாளி ராபர்ட் ஃபுல்டனின் படகு நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 32 மணி நேரத்தில் சென்றபோது நகைப்பு அடங்கியது. தொழில்நுட்பத்தைப் பற்றிய மிட்சிலின் கணிப்பு சரி. ஆனால் அவர் துணைநின்ற தனியுரிமை வணிகப் போட்டியை நெரித்தது. 1824இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் அதைச் செல்லாததாக்கியது. ஒரு பொறியின் எதிர்காலத்தை அறிவது வேறு. அப்பொறி யாருக்கு உரியது என்று முடிவு செய்வது வேறு.

1801இல் கல்லூரிப் பதவியை விட்டு, ஜெஃபர்சனின் கட்சி சார்பில் நாடாளுமன்றக் கீழவைக்குச் சென்றார். 1804 முதல் 1809 வரை செனட்டர். பின்னர் 1810 முதல் 1813 வரை மீண்டும் கீழவை உறுப்பினர். அறிவியல், புவியியல், வணிகம் என எதைக் கேட்டாலும் விடை வைத்திருந்ததால், ஜெஃபர்சன் அவரை நாடாளுமன்றத்தின் அகராதி என்று அழைத்ததாகச் சொல்வர். வாஷிங்டனிலிருந்து மனைவி கேத்தரினுக்கு அவர் எழுதிய கடிதங்கள், அப்புதிய தலைநகரின் சமூக வாழ்வை அறிய உதவும் மூலங்களாக இன்றும் பயன்படுகின்றன. நாட்டுக்கு ‘ஃப்ரெடோனியா’ என்னும் பெயரைப் பரிந்துரைத்து அவர் இயக்கமே நடத்தினார். நாடு அப்பெயரை ஏற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்று ஏற்றுக்கொண்டது.

அறிவியலும் சட்டமும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி 1818 டிசம்பர் இறுதியில் நியூயார்க் மாநகர நீதிமன்றத்தில் நடந்தது. மீன் எண்ணெய்ப் பீப்பாய்களை அரசு ஆய்வாளர் சோதித்துக் கட்டணம் பெற வேண்டும் என மாநிலச் சட்டமொன்று அவ்வாண்டு இயற்றப்பட்டிருந்தது. சாமுவேல் ஜட் என்ற வணிகர் சோதனையின்றி மூன்று பீப்பாய்த் திமிங்கல எண்ணெய் வாங்கினார். ஆய்வாளர் ஜேம்ஸ் மாரிஸ் 75 டாலர் தண்டம் கேட்டு வழக்குத் தொடுத்தார். திமிங்கலம் மீனே அன்று, ஆகவே சட்டம் பொருந்தாது என்பது வணிகரின் வாதம். அவர்தம் முதன்மைச் சாட்சி மிட்சில்.

மிட்சில் அவ்வழக்கில் சாட்சி சொல்ல முழுத் தகுதி படைத்தவர். நியூயார்க்கின் மீன் சந்தைகளில் அலைந்து, மீனவர்களிடம் கேட்டறிந்து, அப்பகுதியின் மீன்களை விரிவாக வருணித்து 1814, 1815ஆம் ஆண்டுகளில் நூலாக்கியிருந்தார். இன்று நியூயார்க் மாநிலத்தின் அடையாள மீனாக விளங்கும் ஓடை டிரவுட்டுக்கு அறிவியல் பெயரிட்டவர் அவரே. திமிங்கலம் நுரையீரலால் மூச்சுவிடுகிறது, வெப்பக் குருதி உடையது, குட்டி ஈன்று பாலூட்டுகிறது. மனிதன் எவ்வளவு மீனோ அவ்வளவுதான் அதுவும் என்று அவர் நீதிமன்றத்தில் விளக்கினார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வில்லியம் சாம்ப்சன் விவிலியத்தையும் மாலுமிகளின் பேச்சையும் அகராதிகளையும் துணைக்கழைத்தார். புதிய வகைப்பாட்டியலையே கேலிக்குள்ளாக்கினார். கேலிக்கு அடியில் ஒரு வலுவான கேள்வியும் இருந்தது: மக்களுக்காக மக்கள் மொழியில் எழுதப்பட்ட சட்டத்துக்குப் பேராசிரியர்களின் சொற்பொருளைக் கொண்டு உரை காண்பது முறையா? நடுவர் குழு ஆய்வாளர் பக்கமே தீர்ப்பளித்தது. நியூயார்க் நீதிமன்றத்தில் திமிங்கலம் மீனாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து திமிங்கல எண்ணெய்க்கு விலக்களித்தது. வகைப்பாட்டியல் நீதிமன்றத்தில் தோற்றுச் சட்டமன்றத்தில் வென்றது என இதைக் கூறலாம். எண்ணெய் வணிகர்களின் செல்வாக்கு வென்றது என்றும் கூறலாம். இரண்டுக்கும் இடமுண்டு என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

தனிக் கோட்பாடுகளைவிட நீடித்தவை அவர் உருவாக்க உதவிய நிறுவனங்கள். 1817இல் தொடங்கப்பட்ட நியூயார்க் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவரே முதல் தலைவர். அக்கழகம் நியூயார்க் அறிவியல் கழகம் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. 1820 ஜனவரி 1 அன்று வாஷிங்டனில் செனட் கூடத்தில் கூடிய மருத்துவர்களின் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். லைமன் ஸ்பால்டிங் என்பவரின் முயற்சியால் கூடிய அம்மாநாட்டிலிருந்து, ஒரே மருந்து ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரிலும் வலிமையிலும் தயாரிக்கப்பட்ட குழப்பத்தைப் போக்க, அமெரிக்க நாட்டின் முதல் மருந்தியல் தொகுப்பு நூல் அவ்வாண்டே வெளிவந்தது. திருத்தப்பட்ட பதிப்புகளாக அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

மிட்சிலின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அறிந்துகொள்ள விரும்பியவர் எதிலும் ஆழ்ந்து நிற்கவில்லை. புகழ்ச்சியை விரும்பினார், கவிஞர்கள் அவரை ஏளனம் செய்தனர். 1831 செப்டம்பர் 7 அன்று புரூக்ளினில் அவர் மறைந்தபோது, அவர் வாழ்ந்த அறிவுலகமே மறைந்துகொண்டிருந்தது. துறைகள் பிரிந்தன, வல்லுநர்கள் தோன்றினர், ஒரே மனிதர் வேதியியலும் மீனியலும் சட்டமும் பேசும் காலம் முடிந்தது. புதிய வல்லுநர்கள் எழுதிய வரலாற்றில் பழைய பல்துறையாளருக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் ஆய்வாளர்களாகிய நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. ஆய்வேடு எழுதும் மாணவர் பலர், தம் கருத்து தவறாகிவிடுமோ என அஞ்சி அதை எவராலும் மறுக்க இயலாத அளவுக்கு மழுப்பி எழுதுகின்றனர். அத்தகைய எழுத்து எழுதியவரைக் காக்கும், அறிவை வளர்க்காது. மிட்சில் துணிந்து சொன்னார். பிறர் சரிபார்க்கும்படி சொன்னார். மறுப்பவர்க்குத் தம் இதழிலேயே இடம் தந்தார். டேவி போன்ற ஒருவர் எங்கிருந்து வருவார் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. அப்படி ஒருவர் வரும்போது அவர் எடுத்துச் சோதிக்கத்தக்க ஒன்றை நாம் எழுதி வைத்திருக்கிறோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.